ரெண்டு இஞ்ச்சா, மூணு இஞ்ச்சா?

போன ஞாயித்துக்கிழமை ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயில். சாமி கும்பிட்டுட்டு கேண்டீன்ல தோசைக்கு நிக்கிறப்ப அப்பா போன். கிணத்துலேர்ந்து கடலைக் காட்டுக்கு 300 மீட்டர் பிவிசி பைப் போடணுமாம்.

"கடைக்காரர் ரெண்டு இஞ்ச் போதும்ங்கறாரு. நீ அங்க இதைத்தானேடா படிக்கிற, சொல்லு."

மானப் பிரச்சனை ஆச்சே! தோசை பில்லுக்குப் பின்னாடியே கணக்குப் போட்டேன்.

நம்மூர்ல கிணத்து ஆழம், காட்டு மேடு ரெண்டையும் பார்த்துத்தான் மோட்டார் வாங்குவோம். பைப் சுவத்துல உரசியே தொலையுற அழுத்தத்தை யாரும் கேக்கறதில்லை. டார்சி-வைஸ்பாக் சூத்திரப்படி அது வேகத்தோட வர்க்கத்துக்கு ஏறும். பைப் குறுகினா வேகமும் எகிறும். விநாடிக்கு 5 லிட்டர்னு வச்சுக்கங்க, உராய்வு எண் தோராயமா 0.017. ரெண்டு இஞ்ச்ல இழப்பு 33 மீட்டர். மூணு இஞ்ச்ல 5 மீட்டருக்குள்ள! தரை சமமா இருந்தாலும் மோட்டார் பத்து மாடிக்குத் தண்ணி ஏத்துற மாதிரி திணறும். நம்ம 5 எச்பி மோட்டாரோட சக்தியில பெரும்பகுதி அதுக்கே சரி.

அப்பா நம்பலை. "உரசுறதுக்கா இவ்ளோ?"

அப்பத்தான் இதே ஆஸ்திரேலியாவோட இன்னொரு கோடியில நடந்த கதையைச் சொன்னேன். பெர்த் பக்கத்து முண்டாரிங் அணையிலேர்ந்து தங்கவயலுக்கு சுமார் 530 கிலோமீட்டர் குழாய், 30 இஞ்ச் விட்டம், தினம் 2.3 கோடி லிட்டர். மேடு 300 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. நான் போட்டுப் பார்த்ததுல உராய்வு மட்டுமே இன்னொரு 250 மீட்டர் வருது. ரெண்டுக்கும் சேர்த்துத்தான் எட்டு பம்ப் நிலையம் வச்சார் ஓ'கானர்ங்கற இன்ஜினியர். பத்திரிகையும் அரசியல்வாதிகளும் அவரைப் போட்டுக் கிழிச்சாங்க. 1902 மார்ச்ல துப்பாக்கியால சுட்டுக்கிட்டார். தண்ணி வரலைன்னுதான் செத்தார்னு ஒரு கட்டுக்கதை உண்டு. அப்ப குழாய் வேலையே முடியலைங்க. 1903 ஜனவரில தண்ணி கல்கூர்லி போய்ச் சேர்ந்துச்சு. மனுஷன் கணக்கு சரியாத்தான் இருந்திருக்கு.

அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "சரி, மூணே வாங்கிடறேன். வழியில நாலு எல்போ வருமே, அதைக் கணக்குல சேர்த்தியா?"

சேர்க்கலை :-(