பழைய ஜீப்பில் 'டங்... டங்...' சத்தமா? உஷார்! பாகத்தை மாற்றும் முன் இதைப் படிங்க

ராயபுரம் கல்மண்டபத்தில் இருந்து எண்ணூருக்கு ஒருமுறை போய் வந்தால் போதும். வண்டியில் எந்த போல்ட் லூசா இருக்குன்னு ரோடே சொல்லிவிடும். கன்டெய்னர் லாரிகள் அழுத்தி அழுத்தி ரோடு பள்ளமாகிறது. ஒரு பக்கம் கடலின் உப்புக்காற்று. மழை வந்தால் தேங்கும் தண்ணீர். புது வண்டியே ஆட்டம் காணும் இந்த ஏரியாவில், 20 வருஷம் ஓடிய 4 வீல் டிரைவ் ஜீப் என்ன பாடுபடும்?

மஹிந்திரா 540, மேஜர், அர்மடா, பழைய 4 வீல் பொலிரோ, 1985-ல் வந்த மாருதி ஜிப்சி என இந்த வகை வண்டிகளை ஒப்பந்த வேலைக்கும், பாரம் ஏற்றவும், இழுவைக்கும் இன்னும் பலர் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அதுதான் சோறு போடும் வண்டி. ஒருநாள் ஷெட்டில் நின்றால் ஒருநாள் வருமானம் போச்சு.

"அண்ணே, வண்டியில ஏதோ சத்தம் வருதுண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை விட்டால் என்ன ஆகும்? முதலில் கியர் பாக்ஸை இறக்குவார்கள். சத்தம் போகாது. அடுத்து ஆக்சிலைப் பிரிப்பார்கள். அப்பவும் போகாது. கடைசியில் பார்த்தால் ஒரு சின்ன கிராஸ் தேய்ந்திருக்கும். அதற்குள் பாக்கெட் காலி!

சத்தம் 'எப்படி' வருது என்பதை விட 'எப்போ' வருது என்று கவனிப்பதுதான் முக்கியம். இதைக் கண்டுபிடிக்க பெரிய மிஷின் எதுவும் வேண்டாம். காதும் பொறுமையும் இருந்தால் போதும்.

முதல் சோதனை: இன்ஜினா, அடிப்பக்கமா?

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை மிதித்துப் பாருங்கள். நிற்கும்போதே அதே சத்தம் வந்தால் இன்ஜின் பக்கம்தான் கோளாறு. ஐடிலில் உடம்பெல்லாம் நடுங்கி, ரேஸ் கொடுத்ததும் நடுக்கம் குறைந்தால் இன்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓடும்போது மட்டும் சத்தம் என்றால், கூட்டம் இல்லாத ரோட்டில் அந்த வேகம் வந்ததும் கிளட்சை மிதித்து வண்டியை உருள விடுங்கள். சத்தம் அப்படியே தொடர்ந்தால் சக்கரம், ஷாஃப்ட், ஆக்சில் இவற்றில் ஒன்று. சத்தம் அடங்கினால் இன்ஜின், கிளட்ச் பக்கம் பாருங்கள். ஓடும் வண்டியில் சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பவர் ஸ்டியரிங், பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் ஸ்டியரிங் இறுகும், பிரேக் கடினமாகிவிடும்.

நிற்கும் வண்டியில் இன்னொரு சோதனையும் இருக்கு. நியூட்ரலில் வரும் சத்தம் கிளட்சை மிதித்ததும் போய்விட்டால் கியர் பாக்ஸின் முன் பேரிங் மீது சந்தேகம். மாறாக, மிதித்த பிறகுதான் சத்தம் ஆரம்பிக்குது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கும்.

'டங்' என்று ஒரு அடி

முதல் கியர் போட்டு கிளம்பும்போது 'டங்'. ரிவர்ஸ் மாற்றும்போது 'டங்'. மெதுவாகப் போகும்போது எலி கத்துவது போல 'கீச்... கீச்...'. இதெல்லாம் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் உள்ள கிராஸ் தேய்ந்ததற்கான அடையாளம்.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து ஷாஃப்ட்டை கையால் இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கிராஸ் இருக்கும் இடத்திலேயே ஆட்டம் தெரிந்தாலும், கப்பைச் சுற்றி செம்மண் மாதிரி துருப்பொடி இருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. ஆக்சில் பக்கம் லேசான ஆட்டம் எல்லா வண்டியிலும் இருக்கும். அதைப் பார்த்து பயப்பட வேண்டாம்.

இந்த சத்தத்தை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டால் ஆபத்து. ஓடும்போது ஷாஃப்ட்டின் முன்முனை கழன்று ரோட்டில் குத்தினால் வண்டியே தூக்கி அடிக்கப்படும். பின்னால் டிரெய்லர் வந்துகொண்டிருக்கும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கிராஸ் மாற்றியும் அதிர்வு போகலையா?

ஷாஃப்ட்டை இரண்டாகக் கழற்றிப் பூட்டும்போது அதன் இரண்டு முனையிலும் உள்ள கவட்டைகள் ஒரே நேராக இருக்க வேண்டும். ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் வண்டி அதிரும். அதனால் கழற்றும் முன்பே சாக்பீஸாலோ பெயின்ட்டாலோ குறி போடச் சொல்லுங்கள். செலவே இல்லாத வேலை இது.

அதிர்வு ஷாஃப்ட்டிலா, சக்கரத்திலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் சுமார் 4 முதல் 5 சுற்று சுற்றிவிடும். அதனால் ஷாஃப்ட் அதிர்வு 'டர்ர்ர்' என்று வேகமாக, சீட்டுக்கு அடியில் தெரியும். சக்கரத்தின் கோளாறு 'தப்... தப்...' என்று மெதுவாக வரும். முன் சக்கரம் என்றால் பெரும்பாலும் ஸ்டியரிங்கில் தெரியும். பின் சக்கரம் என்றால் சீட்டில் தெரியும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஆட்டம் வந்து போனால் முதலில் டயரின் பேலன்சிங்கைப் பாருங்கள். ரிம்முக்குள் காய்ந்து ஒட்டிய சேறுகூட ஆட்டத்தைக் கொடுக்கும்.

'ஊ...ம்' என்று ஊளை

வேகம் கூடக்கூட ஊளையும் கூடினால் மூன்று பேர் மீது சந்தேகம்: டயர், வீல் பேரிங், கிரௌன் பினியன்.

ரோடு மாறினால் சத்தமும் மாறுகிறதா? பட்டன் டயரின் சத்தம். வண்டிக்கு கெடுதல் இல்லை.

வலது பக்கம் வளைக்கும்போது சத்தம் கூடுதா? அப்போது பாரம் இடது பக்கம் சாய்வதால் இடது வீல் பேரிங்கைப் பாருங்கள். இடது பக்கம் வளைத்தால் கூடுகிறது என்றால் வலது பேரிங். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். முன் சக்கரத்தில் இதே ஆட்டம் கிங்பின் தேய்ந்தாலும் வரும்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் ஊளை, விட்டால் அமைதி. அல்லது விட்டால் ஊளை, மிதித்தால் அமைதி. இப்படி மாறினால் கிரௌன் பினியன் பக்கம்தான். முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் குறைந்ததை கவனிக்காமல் ஓட்டி, பல் தேய்ந்த பிறகு ஆயில் ஊற்றிப் பயனில்லை.

ஹேண்ட் பிரேக்கை நம்பி அடியில் போகாதீங்க!

பழைய ஜீப்புகள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். அந்த வண்டியில் பின் சக்கரம் ஒன்றைத் தூக்கியதும், தரையில் இருக்கும் இன்னொரு சக்கரம் உருள ஆரம்பித்துவிடும். சக்கரத்துக்கு கட்டை, வண்டிக்கு அடியில் ஸ்டாண்ட். இந்த இரண்டும் இல்லாமல் வெறும் ஜாக்கியை நம்பி உள்ளே படுக்கவே கூடாது.

பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டியரிங் பேயாட்டம்

முன்பக்கமும் பட்டை ஸ்பிரிங், ஒரே ஆக்சில் உள்ள ஜீப்பில் இந்த பிரச்சினை வரும். ஏதாவது ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் கையை உதறித் தள்ளும். வண்டியே கவிழ்ந்துவிடுமோ என்று தோன்றும்.

அப்படி ஆனால் பதறி ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். இறுக்கிப் பிடித்து, ஆக்சிலேட்டரை விட்டு, வேகத்தை மெதுவாகக் குறைத்து ஓரம் கட்டுங்கள். சடன் பிரேக் வேண்டாம்.

டை ராட் எண்ட், கிங்பின் பேரிங், வீல் பேரிங், ஸ்பிரிங் சாக்கிள் புஷ், டயர் பேலன்ஸ் என்று பல இடங்களில் இருந்து இது வரலாம். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடம் வலமாக லேசாக ஆட்ட, இன்னொருவர் குனிந்து பார்த்தால் எந்த ஜாயின்ட் ஆடுகிறது என்று தெரியும். யூ போல்ட் லூசா, பட்டை உடைந்திருக்கா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். புது ஸ்டியரிங் டேம்பர் மட்டும் மாட்டினால் ஆட்டம் குறைந்தது போலத் தெரியும். உள்ளே தேய்மானம் அப்படியேதான் இருக்கும்.

தார் ரோட்டில் 4 வீல் போடாதீங்க

வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விட அதிக தூரம் ஓடும். இந்த பழைய வண்டிகளில் 4 வீல் போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டுவிடும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் வழுக்கிக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் அது நடக்காது. ஸ்டியரிங் கனக்கும், டயர் தேயும், அடியில் 'டக்... டக்...' என்று இழுக்கும். லிவர் மாட்டிக்கொண்டால் கொஞ்ச தூரம் நேராக ரிவர்ஸ் எடுங்கள். பெரும்பாலும் விடுபட்டுவிடும்.

முன் சக்கரத்தில் கையால் திருப்பும் ஹப் லாக் இருந்தால் அதிலேயே ஒரு சோதனை இருக்கு. 2 வீலில் ஓடும்போது ஹப்பைத் திறந்துவிடுங்கள். சத்தம் போய்விட்டால் முன் ஷாஃப்ட், முன் ஆக்சில் பக்கம்தான் கோளாறு. முன் டயரும் பின் டயரும் ஒரே அளவில் இல்லாவிட்டாலும் 4 வீலில் இழுவை வரும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தை வடசென்னை மக்கள் மறக்க மாட்டார்கள். எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வந்தது. அந்த மாதிரி தண்ணீரில் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால் 'தப்பிச்சிட்டோம்' என்று நினைக்கிறோம்.

ஆனால் ஆக்சிலிலும் டிரான்ஸ்பர் கேஸிலும் காற்று போக சின்ன துவாரம் இருக்கும். ஓடிச் சூடான ஆக்சில் தண்ணீருக்குள் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த துவாரம் வழியாகவும், தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும் தண்ணீரை உள்ளே இழுக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்துத்தான் ஊளை ஆரம்பிக்கும்.

கழற்றிப் பார்க்கும்போது ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. முழுவதும் இறக்கிவிட்டு, வண்டியின் கையேட்டில் சொன்ன நம்பர் ஆயிலை ஊற்றுங்கள். வீல் பேரிங்கையும் கழுவி புது கிரீஸ் வையுங்கள். கிராஸுக்கும் கிரீஸ் கன் அடிக்க மறக்காதீர்கள். பேரிங்கின் விலையைப் பார்த்தால் ஆயில், கிரீஸ் செலவு ஒன்றுமே இல்லை.

இந்த 4 வந்தால் ஓட்டாதீங்க

* ஸ்டியரிங் பேயாட்டம்
* ஷாஃப்ட்டில் பெரிய 'டங்' சத்தத்தோடு அதிர்வு
* பிரேக் மிதித்தால் இரும்போடு இரும்பு உரசும் சத்தம்
* சக்கரத்தில் கரகரப்போடு, ஹப் தொட முடியாத அளவு சூடு

டோ செய்து கொண்டு போங்கள். டோ செலவைப் பார்த்து தயங்காதீர்கள்.

மெக்கானிக்கிடம் இப்படி சொல்லுங்க

ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வேகத்தில் வருது? எந்த கியரில்? வளைவிலா, நேரிலா? மிதித்தாலா, விட்டாலா? 2 வீலிலா, 4 வீலிலா? கடைசியாக என்ன வேலை பார்த்தது?

புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ பாகம் வாங்கப் போனால் பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கிராஸில்கூட அளவு மாறும்.

"50-க்கு மேல போனா, ஆக்சிலேட்டரை விடும்போது மட்டும் பின்னால ஊளை கேட்குதுண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். மெக்கானிக் கியர் பாக்ஸ் பக்கமே போக மாட்டார். நேராகப் பின் ஆக்சிலுக்குக் கீழே குனிவார்.