செயற்கை நுண்ணறிவும் நடுவில் நிற்கும் நாமும்

இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் டிப்ளமோ சான்றிதழை வாங்கிக்கொண்டு ஏதாவது ஒரு தொழிற்சாலை வாசலில் நிற்கப்போகிறோம். டிரெய்னியாகச் சேர்ந்து, நாளடைவில் சூப்பர்வைசர் ஆவோம். மேலே மேனேஜர், கீழே ஆபரேட்டர், நடுவில் நாம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள்!

இந்த நடு இடத்துக்கு இப்போது ஒரு புது வேலை வந்து சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு எனப்படும் ஏ.ஐ. இப்போது ஷாப் ஃப்ளோருக்குள்ளும் நுழைகிறது. வாங்குவது நிர்வாகம், விற்பது சாஃப்ட்வேர் கம்பெனி. ஆனால் "இது வந்தா எங்க வேலை என்னாகும் சார்?" என்று ஆபரேட்டர் கேட்கும்போது எதிரில் நிற்கப்போவது நாம்தான். அந்தக் கேள்விக்கு நாம் தயாரா?

ஏ.ஐ. என்னதான் செய்கிறது?

நாம் லேபில் பார்த்த பி.எல்.சி.யில் விதியை நாமே எழுதுகிறோம். சென்சார் ஆன் ஆனால் மோட்டார் ஓட வேண்டும், அவ்வளவுதான். ஏ.ஐ. அப்படி இல்லை. நல்ல ஜாப் போட்டோக்களையும், ஓட்டை விழுந்த ஜாப் போட்டோக்களையும் நிறையக் காட்டினால் வித்தியாசத்தை அதுவே பழகிக்கொள்கிறது. வெர்னியர் காட்டுவது அளவு. ஏ.ஐ. சொல்வதோ ஊகம். பழகாத ஒன்று எதிரே வந்தால் தப்பாகச் சொல்லும். சொன்னது தப்பு என்று அதற்கே தெரியாது. ஆகவே அதற்குப் பாடம் சொல்லவும் திருத்தவும் வேலை தெரிந்த ஆள் தேவை.

இன்-பிளான்ட் டிரெய்னிங் போன இடத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்கு மேலே ஒரு கேமரா மாட்டியிருந்தார்கள். எதற்கு என்று அங்கே வேலை செய்பவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. "தம்பி, நாங்க பேசிக்கிட்டு இருக்கோமான்னு பாக்கத்தானே இது?" என்று ஒரு அக்கா என்னிடமே கேட்டார். அந்தக் கேமரா, ஜாப் மேல் நின்ற கூலன்ட் துளியை ஓட்டை என்று நினைத்து நல்ல ஜாப்பை ரிஜெக்ட் செய்தது. அக்காவுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். துணியால் துடைத்து, நல்ல டிரேயில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லையே! நான் இருந்த இரண்டு வாரமும் கேமரா அதே தப்பைச் செய்துகொண்டிருந்தது. கோளாறு கேமராவில் மட்டுமா? அதைக் கொண்டுவந்த முறையிலும்தான்.

அப்படியானால் எப்படிக் கொண்டுவர வேண்டும்? நான்கு விஷயங்கள் முக்கியம் என்று நினைக்கிறேன்.

1. முன்கூட்டியே சொல்ல வேண்டும்

நம் நாட்டில் வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோதும் இதே பயம்தான். பலத்த எதிர்ப்பு. ஆனாலும் 1983-ல் இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டன. 1987-லும் 1993-லும் மறுபடி பேசிக் கையெழுத்திட்டன. தாமதம் ஆனது உண்மை. ஆனால் கவுன்டரில் பேரேடு புரட்டிய ஊழியர்களே பிறகு கீபோர்டு தட்டினார்கள். மெஷின் வருவதற்கு முன்பு பேச்சு வர வேண்டும்.

2. கேட்க வேண்டும்

என் அப்பா ஃபவுண்டரியில் வேலை செய்கிறார். காஸ்டிங்கைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசல் இருக்கா இல்லையான்னு சொல்லிவிடுவார். இது எந்த மேனுவலிலும் அவர் படித்ததல்ல. இப்படிப்பட்ட கைப்பழக்கத்தைத்தான் நாளை ஏ.ஐ.க்குக் கற்றுக்கொடுக்கச் சொல்வார்கள். கொடுத்த பிறகு கொடுத்தவருக்கு என்ன? குறைந்தபட்சம் அந்த மெஷினை இயக்கும் பயிற்சி முதலில் அவருக்குத்தான் கிடைக்க வேண்டும். அதுவும் ஷிப்ட் நேரத்துக்குள்ளேயே, சம்பளத்தோடு.

3. நிறுத்தும் உரிமை வேண்டும்

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு கார் தொழிற்சாலையை 1982-ல் மூடியது. தரமும் மோசம், நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் உறவும் மோசம். 1984-ல் டொயோட்டாவோடு சேர்ந்து அதே இடத்தை ‘நும்மி’ என்ற பெயரில் திறந்தார்கள். பெரும்பாலும் பழைய தொழிலாளர்களேதான்! பலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். லைன் நெடுக ஒரு கயிறு கட்டினார்கள். குறையைக் கண்டால் எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். உடனே சரியாகாவிட்டால் லைனே நின்றுவிடும். சில ஆண்டுகளிலேயே தரத்தில் நல்ல பெயர் வாங்கிய ஆலையாக அது மாறியது.

ஏ.ஐ.க்கும் அப்படி ஒரு கயிறு வேண்டும். கேமரா பக்கத்தில் "இது தப்பு" என்று ஒரு பட்டன் போதும். அந்த அக்கா அதை அழுத்தினால், அந்தப் போட்டோ திரும்பப் பயிற்சிக்குப் போகும். கேமராவும் திருந்தும், அக்காவுக்கும் மரியாதை.

4. கணக்குப் பார்க்காமல் ஆளைக் குறைக்கக் கூடாது

2025 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி, போனில் பதில் சொல்லும் ஏ.ஐ.யைக் கொண்டுவந்து, 45 பேர் வேலை இனித் தேவையில்லை என்று அறிவித்தது. ஊழியர் சங்கம் விடவில்லை. அழைப்புகள் குறையவில்லை, கூடிக்கொண்டிருக்கின்றன என்று வாதாடியது. ஆகஸ்டிலேயே வங்கி மன்னிப்புக் கேட்டு முடிவைத் திரும்பப் பெற்றது. ஷிப்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்ற கணக்கு சூப்பர்வைசர் நோட்டில்தான் இருக்கும். அதை மேலே எடுத்துச் சொல்லும் தைரியமும் நமக்கு வேண்டும்.

கடைசியாக ஒன்று. "யாருக்கும் வேலை போகாது" என்று நாமாகச் சத்தியம் செய்யக் கூடாது. அது நம் கையில் இல்லை. தெரிந்ததைச் சொல்வோம்: எந்த வேலை மாறுகிறது, எப்போது, பயிற்சி யாருக்கு. தெரியாததை "கேட்டுச் சொல்றேன் அண்ணே" என்று சொல்லி, நிஜமாகவே மேலே போய்க் கேட்போம். எழுத்தில் வாங்கித் தருவோம். ஒருமுறை பொய் சொல்லிவிட்டால் பிறகு நாம் சொல்லும் எதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

மெஷினைப் பழக்க ஆயிரம் போட்டோ காட்டுகிறோம். கூட வேலை செய்யும் மனிதருக்கு நாலு வார்த்தை சொல்லக் கூடாதா? சிந்திப்போம் நண்பர்களே!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை