இத்தாலியக் காருக்கு வீட்டு வைத்தியம்

யந்திரங்களில் இரண்டு வகை உண்டு. கெட்டுப் போனால் தூக்கி எறிய வேண்டியவை ஒரு வகை. கெட்டுப் போனால் திறந்து பார்க்க வேண்டியவை மற்றொரு வகை. இந்தக் காலத்தில் முதல் வகைதான் பெருகிக்கொண்டு வருகிறது. கையிலிருக்கும் டெலிபோனைத் திறந்து பார்க்கலாமென்றால், நமக்காக அதில் ஒரு திருகாணி கூட வைக்கப்படவில்லை. அப்படியிருக்க, அறுபது வயதான மோட்டார் வண்டியை வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, அதன் எஞ்சினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மறுபடியும் பூட்டி ஓட்டுகிற மனிதர்கள் இத்தாலி தேசத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்றால் நேயர்கள் ஆச்சரியப்படக் கூடும்.

"அதெல்லாம் கையில் பணம் புரளுகிறவர்களின் பொழுதுபோக்கு, நமக்கென்ன?" என்று கேட்கத் தோன்றும். கோடிக்கணக்கில் விலை போகும் பந்தயக் கார்களைப் பற்றியானால் அந்தக் கேள்வி நியாயமானதே. அவற்றுக்கு எஜமானர்களும் உண்டு. வைத்தியம் பார்க்கச் சம்பளக்காரர்களும் உண்டு. நான் சொல்லப் புகுந்தது வேறு ஒரு காரைப் பற்றி. அது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்டது. சொந்தக்காரனே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலை செய்யக் கூடியது.

குலமும் பெயரும்

1910-ஆம் வருஷம் மிலான் நகரில் ஒரு மோட்டார் கம்பெனி ஆரம்பமாயிற்று. அதன் நீண்ட பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து 'ஆல்பா' என்று அழைத்தார்கள். 1915-இல் நிக்கோலா ரோமியோ என்ற எஞ்சினீயர் அதை ஏற்றுக்கொண்டார். பிறகு அவர் பெயரும் சேர்ந்து 'ஆல்பா ரோமியோ' ஆயிற்று. பந்தயங்களிலே வெற்றி மேல் வெற்றி. பணப் பெட்டியிலோ காற்று! 1933-இல் இத்தாலிய சர்க்காரே அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டி வந்தது. 1986-இல் பியட் கம்பெனியின் கைக்குப் போகும் வரையில் அது சர்க்கார் சொத்தாகவே இருந்தது.

இரண்டாவது உலக யுத்தத்தில் குண்டு வீச்சுக்கு இலக்கான அந்தத் தொழிற்சாலையிலிருந்து 1954-இல் 'ஜூலியெட்டா' என்ற சிறிய கார் வெளிவந்தது. ஒராட்சியோ சாத்தா புலீகா என்பவரின் தலைமையில் எஞ்சினீயர்கள் அதற்கென்று 1,290 கன சென்டிமீட்டர் எஞ்சின் ஒன்றை அமைத்திருந்தார்கள். அலுமினியத்தாலான உடல், வால்வுகளைத் திறந்து மூட இரண்டு காம் தண்டுகள். பந்தயக் கார்களிலும் விலையுயர்ந்த கார்களிலும் மட்டுமே அந்நாளில் கண்ட ஏற்பாடு இது. அதை ஒரு சிறிய காருக்குள் வைத்தது பெரிய துணிச்சல்.

அந்த எஞ்சின் 1,570 கன சென்டிமீட்டராக வளர்ந்து, 1966 மார்ச்சில் ஜினீவா கண்காட்சிக்கு வந்த 'ஸ்பைடர்' என்ற காரில் ஏறியது. இரண்டு பேர் உட்காரத் தக்க, துணிக் கூரை போட்ட கார் அது. எடை ஆயிரம் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வேகம் மணிக்கு ஏறக்குறைய 185 கிலோமீட்டர். உடலை அமைத்தவர்கள் டூரின் நகரத்துப் பினின்பரீனா நிறுவனத்தார். அதன் ஸ்தாபகரான பத்திஸ்தா பினின்பரீனா, கார் வெளியான அடுத்த மாதமே, ஏப்ரல் 3-ஆம் தேதி, காலமானார். காருக்குப் பெயர் சூட்டப் பொதுஜனங்களிடையே ஒரு போட்டி நடந்தது. வென்ற பெயர் 'டுவெட்டோ'. அதாவது இருவர் சேர்ந்து பாடும் பாட்டு. பல மாறுதல்களுடன் இந்தக் கார் 1993 வரையில் தயாராகி வந்தது.

எஞ்சினைத் திறந்தால்

பழைய எஞ்சின்களில் பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர்ச் சுவர் தேய்ந்துவிட்டால், பெரும்பாலும் எஞ்சின் கட்டையையே பட்டறைக்கு எடுத்துச் சென்று, பெரிய யந்திரத்தில் ஏற்றிக் கடைந்து வர வேண்டும். இதிலோ அலுமினியக் கட்டைக்குள் நான்கு வார்ப்பிரும்புக் குழாய்கள், பெட்டிக்குள் டம்ளர்கள் நிற்பதுபோல் தனித் தனியே நிற்கின்றன. அவற்றைச் சுற்றித் தண்ணீர் ஓடிச் சூட்டைத் தணிக்கிறது. தேய்ந்த குழாய்களை உருவி எடுத்துவிட்டு, புதிய குழாய்களையும் அவற்றோடு ஜோடி சேர்ந்த பிஸ்டன்களையும் பொருத்திவிடலாம். கடைசல் யந்திரம் வேண்டாம். நல்ல வெளிச்சமும், சுத்தமான மேஜையும், சரியான அளவு ஸ்பானர்களும், தொழிற்சாலையார் வெளியிட்ட வழிகாட்டிப் புத்தகமும் இருந்தால் போதும். இந்தக் கார் வீட்டுக் கொட்டகையில் பிழைத்திருப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

ஆனால் வசதி செய்து கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார்கள். குழாய்களை அசையாமல் அழுத்தி வைத்திருப்பது மேலேயுள்ள சிலிண்டர் மூடி. மூடியைக் கழற்றிய பிறகு எஞ்சினைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தோமானால், பிஸ்டனோடு குழாயும் மேலே எழும்பிவிடும். அடியில் தண்ணீரைத் தடுத்து நிற்கும் அடைப்பின் பிடி விட்டுப் போகும். ஆகையால் அநுபவசாலிகள் மூடியை எடுத்த உடனே, வாஷர்களையும் மரைகளையும் போட்டுக் குழாய்களை இறுக்கி வைத்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார்கள்.

மூடிக்கும் கட்டைக்கும் நடுவேயுள்ள கேஸ்கெட் இந்தக் காரின் பிரசித்தமான பலவீனம். எண்ணெய் செல்லும் வழிகளைச் சுற்றிச் சிறு ரப்பர் வளையங்கள் உண்டு. அவை வயதாகிச் சுருங்கினால் எண்ணெய் தண்ணீரோடு கலக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கும்போது பால் விட்ட காப்பியின் நிறத்தில் ஏதேனும் மிதந்தால், அந்த வைத்தியத்தை ஒத்திப் போடக் கூடாது.

அடுத்தது வால்வுகள். மொத்தம் எட்டு. காம் தண்டுக்கும் வால்வின் தலைப்பாகத்துக்கும் நடுவே மயிரிழை போன்ற இடைவெளி இருக்க வேண்டும். இதைச் சரிப்படுத்தத் திருகாணி கிடையாது. ஒவ்வொரு வால்வின் மேலும் குல்லாய்போல் ஒரு சிறிய எஃகு வில்லை உட்கார்ந்திருக்கிறது. எட்டு இடைவெளிகளையும் அளந்து எழுதிக்கொண்டு, காம் தண்டுகளைக் கழற்றி, வில்லைகளின் கனத்தை அளந்து, கூட்டிக் கழித்துப் பார்த்து, வேண்டிய கனத்தில் வேறு வில்லைகளைப் போட வேண்டும். இதிலுள்ள கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான், பொறுமைதான் எம்.ஏ. பரீட்சைக்கு வேண்டிய பொறுமை! ஆனால் ஒரு முறை சரியாகச் செய்துவிட்டால், வெகு காலத்துக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். புகையை வெளியேற்றும் வால்வுகளின் தண்டு உள்ளே பொள்ளல். சூட்டைக் கடத்துவதற்காக அதில் சோடியம் அடைத்திருக்கிறார்கள். சோடியத்தில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடத்து ரசாயன வகுப்பில் படித்தவர்களுக்குத் தெரியும். பழைய வால்வுதானே என்று அதை அறுத்துப் பார்க்கும் ஆசையைக் கட்டோடு விட்டுவிட வேண்டும்.

சுருதி சேர்த்தல்

பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுப்பவை இரண்டு கார்புரேட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய். ஆக ஒரு சிலிண்டருக்கு ஒரு வாய். அநேகமாக இவை 'வெபர்' என்ற பெயர் பெற்றவை. எதுவார்தோ வெபர் என்பவர் 1923-இல் பொலோன்யா நகரில் தொடங்கிய தொழிற்சாலையின் புகழ் இன்றும் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1945-இல் அந்த மனிதர் காணாமற் போனார்; பிறகு திரும்பி வரவே இல்லை.

இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவாகக் காற்றை உறிஞ்ச வேண்டும். ஒன்று அதிகமாகவும் மற்றொன்று குறைவாகவும் இழுத்தால், வண்டி நிற்கும்போது குலுங்கும், ஓடும்போது முனகும். இதை அளக்கக் கருவிகள் உண்டு. ஆனால் பழைய கைகள் ஒரு முழம் ரப்பர்க் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டரின் வாயருகிலும் வைத்துக்கொண்டு, டாக்டர் நெஞ்சைச் சோதிப்பதுபோல் கேட்பார்கள். நான்கு வாய்களிலும் காற்றின் சீறல் ஒரே ஸ்தாயியில் கேட்கும் வரையில் திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்புவார்கள். தம்புராவுக்குச் சுருதி கூட்டுவது போன்ற வேலைதான்.

துரு என்னும் சத்துரு

எஞ்சினைப் பற்றி இவ்வளவு சொன்னேன். உண்மையில் இந்தக் கார்களுக்கு யமனாக வந்தது எஞ்சின் அல்ல, துருதான். கதவுகளுக்குக் கீழே, வீட்டு நிலைப்படிபோல், இரு பக்கமும் பெட்டி வடிவான தகட்டுப் பாகம் ஓடுகிறது. தலைக்கு மேல் இரும்புக் கூரை இல்லாத காரானதால், உடலின் பலம் பெரும்பாலும் அந்தப் படிகளில்தான் இருக்கிறது. மழைத் தண்ணீரும் சேறும் அதற்குள்ளே புகுந்து தங்கி, உள்ளிருந்தே அரித்துவிடுகின்றன. மேலே பார்த்தால் பளபளவென்று சிவப்பு வர்ணம். அடியில் விரலால் அழுத்தினால் பொத்தல்.

வாங்குகிறவர்கள் ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துச் செல்வது வழக்கம். தகட்டின் மேல் வைத்தால் காந்தம் ஒட்டும். பொத்தலை மறைத்துப் பட்டி பூசியிருந்தால் ஒட்டாது. கடைக்காரர் பேச்சைவிட அந்தக் காந்தத்தின் பேச்சை நம்பலாம்.

அழுகிய படியை வெட்டி எடுப்பதற்கு முன்னால், கதவு வாசலின் குறுக்கே இரும்புச் சட்டம் கொடுத்து உடலை நிலைநிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்து, புதிய தகடு அந்தத் தொய்வோடேயே பற்றிக்கொள்ளும்; பிறகு கதவு சாத்தவே சாத்தாது. வெல்டிங் வேலையில் தேர்ச்சியில்லாதவர்கள் இந்தக் கட்டத்தில் தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. பிரேக் விஷயத்திலும் அப்படியே. நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் இருந்தாலும், வருஷக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் அவற்றின் ரப்பர் அடைப்புகள் கெட்டிருக்கும். ஓட வைப்பதற்கு முன்னால் நிற்க வைக்கத் தெரிய வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதும், பழைய பிரேக் கட்டைகளின் தூளை ஊதித் தள்ளுவதும் ஆபத்து. அந்தத் தூளில் கல்நார் இருக்கக் கூடும். இத்தாலியே 1992-இல் அதைத் தடை செய்துவிட்டது.

எதை மாற்றுவது, எதை விடுவது?

இந்தக் காருக்கு வேண்டிய பாகங்கள் பல இன்றும் புதிதாகச் செய்யப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. இது பெரிய சௌகரியம். இதிலேயே ஒரு பெரிய சங்கடமும் இருக்கிறது. கதவை மாற்றி, தரையை மாற்றி, ஆசனத் தோலை மாற்றி, முகப்புப் பலகையையும் மாற்றிவிட்டால், மிஞ்சுவது அந்தக் காரா, அதன் பிரதியா?

இத்தாலியர்கள் இந்தக் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 1966-இல் ஏற்பட்ட அவர்களுடைய சரித்திர மோட்டார் சங்கம் பழைய வண்டிகளைப் பரிசோதித்து அத்தாட்சி கொடுக்கிறது. முப்பது வயது கடந்த கார்களுக்குச் சர்க்கார் வழக்கமான வருஷ வரியை வாங்குவதில்லை. மிலானுக்கு அருகில் அரேசேயில் ஆல்பா ரோமியோவின் பொருட்காட்சிசாலை இருக்கிறது. 1976-இல் திறந்து, 2011-இல் மூடி, 2015-இல் மறுபடியும் திறந்தார்கள். கார்களைப் பற்றிய பழைய தஸ்தாவேஜுகள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. பக்கத்தில் இருந்த தொழிற்சாலையில் இன்று கார் பிறப்பதில்லை. ஆகையால் இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு.

நல்ல வைத்தியர் நோயுள்ள இடத்தில் மட்டும் கை வைப்பார். பிரேக், ஸ்டீரிங், உடலின் பலம் ஆகிய உயிர்நிலைகளில் தாட்சணியம் கூடாது. புதியதையே போட வேண்டும். ஆனால் அரை நூற்றாண்டாகக் கைப்பிடித்து வழுவழுப்பான ஸ்டீரிங் சக்கரத்தையும், சற்றே வெளுத்த ஆசனத்தையும் எதற்காக மாற்ற வேண்டும்? மாற்றிய பாகங்களை ஒரு பெட்டியில் போட்டு வைப்பதும், செய்த வேலைகளைத் தேதி போட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பதும் உத்தமம். நமக்குப் பின் அந்த மூடியைத் திறக்கப் போகிறவருக்கு அதைவிட நல்ல உபகாரம் வேறில்லை.

இந்த எஞ்சினைச் சிறு வயதில் தொட்டுப் பழகியவர்கள் இன்று முதியவர்கள். ரப்பர்க் குழாயில் எந்தச் சீறல் சரி, எது தப்பு என்பதைப் புத்தகத்தில் எழுதி வைக்க முடியாது. பக்கத்தில் நின்று விளக்குப் பிடிக்கும் பையனோ பெண்ணோ காதை வைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் அது நிலைக்கும். தகடு துருப்பிடித்தால் வேறு தகடு வாங்கலாம். இந்தக் காதுக்குப் பதில் வேறு காது எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆகையால் ஞாயிற்றுக்கிழமையில் கொட்டகைக் கதவைத் திறக்கும் அப்பா, விளக்கைப் பிடிக்கக் குழந்தைகளையும் கூப்பிட்டுக்கொள்வது நல்லது.