மாற்றுவதா? புரிந்துகொள்வதா?



எரிக்கோவின் வழியோரம் அமர்ந்து பிச்சை எடுத்துக்கொண்டிருந்த பர்த்திமேயுவுக்கு என்ன குறை என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும்; இயேசுவுக்கும் தெரியும். ஆயினும் அவர் தாமாக முடிவு செய்யாமல், தாம் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடமே கேட்டார் (காண்க மாற்கு 10:46-52). கூட்டமோ அவரை வாய்மூடி இருக்கும்படி அதட்டியது. ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. போன்ற நிலைகளோடு வாழும் நம் இளையோரிடமும் பெரியவர்களிடமும் நாம் இயேசுவைப் போலக் கேட்கிறோமா, கூட்டத்தைப் போல அதட்டுகிறோமா?

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் அமைந்த ஒரு வேறுபாடு. அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் லியோ கானர் 1943-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். நீண்ட காலம் இது குழந்தைகளுக்கு உரியதாகவே கருதப்பட்டது. ஆனால் குழந்தைகள் வளர்கிறார்கள். ஆட்டிசமும் அவர்களுடனேயே வளர்கிறது. அவர்களுள் சிலருக்குப் பேச்சு வராது. சிலர் பட்டம் பெற்று வேலைக்குச் செல்கின்றனர். இன்னும் சிலர், குறிப்பாகப் பெண்கள், நடுவயதில்தான் தங்கள் நிலையை அறிகின்றனர். நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் ஒலிபெருக்கிச் சத்தமும் திருவிழாக் கூட்டமும் அவர்களுள் பலருக்குத் தாங்க முடியாத வேதனையாகின்றன.

1960-களில் கலிபோர்னியாவில் ஐவார் லோவாஸ் என்ற உளவியலாளர் ஆட்டிசக் குழந்தைகளுக்கான பயிற்சி முறை ஒன்றை உருவாக்கினார். மற்றப் பிள்ளைகளைப் போல அவர்களை நடந்துகொள்ளச் செய்வதே அதன் இலக்கு. தொடக்க காலத்தில் அடியும் மின் அதிர்ச்சியும்கூட அதில் இடம்பெற்றன. அத்தகைய தண்டனைகளைப் பெரும்பாலோர் கைவிட்டுவிட்டனர். ஆனால் ‘கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே, எல்லாரையும் போல இரு’ என்ற கட்டளை வீட்டிலும் பள்ளியிலும் இன்றும் ஒலிக்கிறது. அதற்குப் பணிந்து தம் இயல்பை நாள் முழுவதும் மறைத்து வாழ்பவர் உள்ளுக்குள் சோர்ந்துபோகிறார். இப்படி மறைத்து வாழ்வதற்கும் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. நல்ல பிள்ளையாக அமைதியாக இருக்கிறான் என்று நாம் மகிழும் வேளையில், அவன் உயிரே ஆபத்தில் இருக்கலாம்.

இதனால்தான், ஒருவரை உள்ளபடியே ஏற்றுக்கொண்டு அளிக்கப்படும் ஆற்றுப்படுத்துதல் இன்று வலியுறுத்தப்படுகிறது. இங்கே ஆற்றுப்படுத்துநர் முதலில், வந்திருப்பவருக்கு எது வேதனை தருகிறது என்று கேட்கிறார். கண்ணைப் பார்க்கும்படி வற்புறுத்துவதில்லை. கையில் எதையாவது உருட்டிக்கொண்டே பேசினாலும் தடுப்பதில்லை. தம் உணர்வுகளுக்குப் பெயர் சொல்ல இயலாதவர் எழுதிக் காட்டலாம், படம் வரையலாம். இன்று என்ன நடக்கும், எப்போது முடியும் என்பது முன்கூட்டியே சொல்லப்படுகிறது. பதற்றம், உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றுக்கு உரிய உதவியும், தேவையானால் மருந்தும் அளிக்கப்படும். துன்பத்தை நீக்குவதே நோக்கம். ஆளையே வேறொருவராக்குவது நோக்கமன்று.

‘அப்படியானால் அவர்கள் எதையுமே கற்க வேண்டாமா?’ என்று பெற்றோர் கேட்பது நியாயமே. கற்க வேண்டும். தனியே பேருந்தில் செல்வது, பணத்தைக் கையாள்வது, ‘வேண்டாம்’ என்று உறுதியாகச் சொல்வது போன்றவை அவர்களுடைய வாழ்வுக்கே தேவையானவை. ஆனால் கற்பது ஒரு பக்கம் மட்டும் நிகழக்கூடாது. ஆட்டிசம் உள்ளவரும் ஆய்வாளருமான டேமியன் மில்டன், புரிந்துகொள்வதில் உள்ள சிக்கல் இருபுறமும் இருக்கிறது என்று 2012-இல் எடுத்துரைத்தார். அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்கிறோம். நமக்கும் அவர்களைப் புரியவில்லை என்பதே உண்மை.

காது கேளாதவரும் திக்கிப் பேசுபவருமான ஒருவரைக் குணப்படுத்தியபோது, இயேசு முதலில் அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றார். அவருக்குப் புரியும் வகையில் தொட்டுச் செயல்பட்டார் (காண்க மாற்கு 7:31-37). அந்த மனிதருக்கு ஏற்றவாறு ஆண்டவர் தம்மை அமைத்துக்கொண்டார்.

நம் குடும்பங்களில் நடப்பது என்ன? முன்னோர் பாவம், சாபம் என்று சொல்லி இளைஞரைச் செபக்கூட்டம் செபக்கூட்டமாக அழைத்துச் செல்கிறோம். பிறவியிலேயே பார்வையற்றவரைக் குறித்துச் சீடர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது, அவர் செய்த பாவமுமல்ல, பெற்றோர் செய்த பாவமுமல்ல என்று இயேசு மறுத்துவிட்டார் (காண்க யோவான் 9:1-3). செபம் நம்மைத் தாங்கும். ஆனால் அதைக் காரணம் காட்டி சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. ‘ஒரு கல்யாணத்தைச் செய்து வைத்தால் சரியாகிவிடும்’ என்பதும் பெரும் தவறு; அதில் இருவருடைய வாழ்வு சிதைகிறது.

நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் ஏற்று, உரிமைகளை வழங்குகிறது. 2020-இல் வத்திக்கான் வெளியிட்ட மறைக்கல்வி வழிகாட்டி, மாற்றுத்திறன் கொண்டோருக்கு அருளடையாளங்களை யாரும் மறுக்கலாகாது எனத் தெளிவுபடுத்துகிறது. எனவே நம் பங்குகளில் எளிய சில மாற்றங்களைத் தொடங்குவோம். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைப்போம். திருப்பலியின்போது எழுந்து வெளியே சென்று வருபவரை முறைத்துப் பார்க்காதிருப்போம். ஒப்புரவு அருளடையாளத்திற்கு வருபவர் தம் பாவங்களை எழுதி வந்தால் பொறுமையோடு ஏற்போம். சமாதான வாழ்த்தின்போது கைகொடுக்க விரும்பாதவருக்குப் புன்னகையால் வாழ்த்துச் சொல்வோம்.

உடலின் வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்கிறார் புனித பவுல் (காண்க 1 கொரிந்தியர் 12:22). நம் வீட்டில், நம் அன்பியத்தில் இப்படி ஒருவர் இருக்கலாம். இந்த வாரம் அவருக்கு அறிவுரை எதுவும் சொல்லாமல், அவருக்கு என்ன தேவை என்று கேட்போம். பதில் வரத் தாமதமாகலாம். காத்திருக்கும் அருளை இறைவனிடம் வேண்டுவோம்.