எல்லையில் விளையும் காய்க்கு விலை எங்கே?

நமது பாலக்காடு நிருபர்

கேரளத்தில் பிழைப்பை முன்னிட்டுத் தங்கியிருக்கும் நம்மவர் வீடுகளில் அன்றாடம் சாம்பாருக்கு நறுக்கும் காய் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் ஊரிலிருந்துதான். ஒட்டன்சத்திரம், பொள்ளாச்சி, கம்பம் பகுதிச் சந்தைகளில் லாரி ஏறும் காய்கறி, வாளையார், கோபாலபுரம், குமுளி, கம்பம்மெட்டு வழியாக இரவோடு இரவாக இங்கு வந்து சேருகிறது. லாரி ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் கடையில் விலை ஏறிவிடும். இது எல்லோரும் அறிந்ததே.

பலர் அறியாதது இன்னொன்று உண்டு. கேரளத்துக்குள்ளேயே, எல்லை ஓரத்தில், தமிழ் பேசும் விவசாயிகள் விளைவிக்கும் காய் முதலில் தமிழகச் சந்தைக்குப் போகிறது. அங்கே கை மாறி, விலை கூடி, மறுபடி கேரளத்துக்கே வருகிறது.

மலையிலிருந்து இறங்கும் காரட்

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் பாதையில் சென்றால் வட்டவடை. மறையூருக்கு அப்பால் காந்தலூர். இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த இந்த இரு ஊர்களிலும் படிக்கட்டு போன்ற வயல்களில் காரட், முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, பீன்ஸ், பூண்டு விளைகின்றன. இங்கு விளையும் பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. குடிகளில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசுகிறவர்கள்.

விதைக்கும் உரத்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியே பலர் பயிரிடுகிறார்கள். முன்பணம் வாங்கியவர் பேரம் பேச முடியாது. வியாபாரி சொன்னதுதான் விலை. காந்தலூர்க் காய் சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டைப் பக்கம் இறங்குகிறது.

விவசாயியிடம் நேரடியாக வாங்குவதற்கென்று கேரள அரசாங்கம் 1989-ல் தொடங்கிய நிறுவனம் ஹார்ட்டிகார்ப். ஆனால் கொடுத்த காய்க்குப் பணம் மாதக்கணக்கில் நிலுவையாகிவிடுகிறது என்பது இப்பகுதி விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கூறிவரும் புகார். கையில் காசு இல்லாதவர் மறுபடியும் பழைய வியாபாரியிடமே போகிறார்.

தண்ணீரும் காயும்

பாலக்காட்டுப் பக்கம் சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கோடியில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி பஞ்சாயத்துகள் உள்ளன. இங்கும் தமிழ்தான் அதிகம். மழை குறைந்த இந்த நிலத்தில் விளையும் காய்க்கு எல்லையிலுள்ள வேலந்தாவளம் சந்தை முக்கியமானது. 1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூர் ஆற்றுப் பாசனத்துக்குத் தமிழகம் விட வேண்டும். தண்ணீர் குறையும் ஆண்டுகளில் சித்தூரில் கிளர்ச்சி எழுவது வழக்கம்.

இடுக்கிப் பக்கம் நிலைமை நேர்மாறு. அங்கிருந்து முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் 1895 முதல் கம்பம் பள்ளத்தாக்குக்குப் பாய்கிறது. அந்தத் தண்ணீரில் விளைந்த காய் குமுளி வழியே மலையேறி வருகிறது. 2011 டிசம்பரில் அணைத் தகராறு முற்றியபோது குமுளிப் பாதை அடைபட்டது. கீழே காய் தேங்கியது. மேலே விலை ஏறியது. ஏலத் தோட்டங்களில் வேலை பார்த்த நம் தொழிலாளர் பலர் உயிருக்குப் பயந்து ஊருக்கு இறங்கினார்கள். இரு பக்கத்து ஏழைகளுமே அப்போது நஷ்டப்பட்டார்கள்.

விஷக்காய் என்ற பேச்சு

தமிழகக் காய்களில் பூச்சிமருந்து எச்சம் அதிகம் என்று 2015-ல் கேரள அரசாங்கம் சொல்ல, தமிழகத் தரப்பு அதை மறுத்தது. "பாண்டிக்காய் விஷம்" என்ற பேச்சு நம் காதிலும் விழுந்தது. ரோஷப்படுவதில் பயனில்லை. மருந்தை அளவுக்கு மீறி அடித்தால் எந்த ஊர்க் காயும் கெடுதிதான். ஆனால் அடிமாட்டு விலை கிடைக்கும் விவசாயி, ஒரு பூச்சிக்கடியும் இல்லாத காயைத்தான் சந்தையில் எடுப்பார்கள் என்று அஞ்சி மருந்து அடிக்கிறார் என்பதையும் வாங்குகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தப் பேச்சால் ஒரு நன்மையும் விளைந்தது. கேரளத்தில் மொட்டை மாடிகளில் எல்லாம் தோட்டம் முளைத்தது.

நாமும் போடலாம்

குவார்ட்டர்சிலும் லயங்களிலும் குடியிருப்போருக்கு நிலம் ஏது என்று கேட்கலாம். நான்கு பழைய சாக்கும் வெயில் படும் ஒரு மூலையும் போதும். மண், மணல், மக்கிய சாணம் மூன்றையும் சம பங்காகக் கலக்கவும். இங்குள்ள மண் பெரும்பாலும் புளிப்பு மண். ஆகவே சாக்குக்கு ஒரு பிடி சுண்ணாம்புத் தூள் சேர்த்து, இரண்டு வாரம் பொறுத்து விதைக்கவும். கீரை ஒரு மாதத்தில் கைக்கு வரும். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கும். ஆடி மழை முடிந்த பிறகு கத்தரி, மிளகாய் நாற்று நடலாம். பாலக்காட்டில் மார்கழியில் வீசும் கிழக்குக் காற்று மண்ணைக் காய வைத்துவிடும். அடியில் சருகு பரப்பினால் ஈரம் நிற்கும். பூச்சிக்கு வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கித் தெளிக்கலாம். பாகல் பிஞ்சைக் காகிதத்தால் சுற்றி வைத்தால் ஈ குத்தாது. விதை, நாற்று பற்றி அந்தந்தப் பஞ்சாயத்தின் கிருஷி பவனில் விசாரிக்கலாம்.

நான்கு சாக்கு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றாது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் கடையில்தான் வாங்க வேண்டும். ஆனால் கீரை, மிளகாய், கறிவேப்பிலைச் செலவு மிச்சம். மீதிக் காயை, முடிந்தவர்கள் எலவஞ்சேரி போன்ற இடங்களில் விவசாயிகளே நடத்தும் கர்ஷக சமிதிச் சந்தைகளிலும் வேலந்தாவளத்திலும் வாங்கலாம்.

அரசாங்கம் செய்ய வேண்டியது

2020 நவம்பர் 1 முதல் 16 விளைபொருள்களுக்குக் கேரள அரசாங்கம் அடிப்படை விலை அறிவித்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் சேர்த்து, கிலோவுக்குத் தக்காளி 8 ரூபாய், வெண்டை 20, காரட் 21, பாகல் 30, பூண்டு 139 என்று அப்போது நிர்ணயித்தார்கள். இந்தியாவில் காய்கறிக்கு இப்படி விலை அறிவித்த முதல் மாநிலம் கேரளமே. பாராட்ட வேண்டிய காரியம்.

ஆனால் துறையில் பதிவு செய்து கொள்ளாதவருக்கும், கொள்முதல் நிலையம் எட்டாதவருக்கும் அந்த விலை காகிதத்தோடு நின்றுவிடும். காயை எடுத்த கையோடு பணத்தைக் கொடுக்க வேண்டும். விதைப்புக் காலத்தில் வியாபாரி கொடுக்கும் முன்பணத்தைக் கூட்டுறவுச் சங்கம் கடனாகக் கொடுக்க வேண்டும். பதிவுப் படிவங்களைத் தமிழிலும் தர வேண்டும். இவற்றைச் செய்தால் வட்டவடைக் காரட் உடுமலைப்பேட்டையைச் சுற்றி வர வேண்டிய அவசியம் இருக்காது. அதிகாரிகள் கவனிப்பார்களா?