எண்ணுக்கு முன் வரைபடம்

வீட்டு குளுக்கோமீட்டரில் வாரக்கணக்காக 200-ஐ ஒட்டியே சர்க்கரை அளவு வருகிறது. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையோ 5.4 சதவீதம் என்கிறது. 5.4 என்றால் சராசரி சர்க்கரை சுமார் 108 மில்லிகிராம். இரண்டும் ஒரே உடம்புக்குப் பொருந்தாது. இப்படி முரண்படும்போது மாத்திரையைக் கூட்டுவதற்கோ குறைப்பதற்கோ முன்னால், அந்த எண் பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

பெரிய ஆய்வகங்கள் பலவற்றில் அது விரலளவே உள்ள ஓர் உலோகக் குழலுக்குள் பிறக்கிறது. சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினோடு சர்க்கரை ஒட்டும்போது அதன் நேர்மின்னூட்டம் சற்றுக் குறைந்துவிடும். குழலில் நிரப்பியிருக்கும் நுண்மணிகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. சர்க்கரை ஒட்டாத ஹீமோகுளோபினை அவை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, ஒட்டியது, அதாவது ஹெச்பிஏ1சி, முந்திக்கொண்டு வெளியே வருகிறது. பஃபர் கரைசலின் உப்புச் செறிவு கூடக்கூட மற்றவையும் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. வெளிவரும் ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஒரு முகடு. 1958-இல் ஹூயிஸ்மனும் மேயெரிங்கும் ஹீமோகுளோபினின் இந்தச் சிறு பகுதியைப் பிரித்துக் காட்டியதும் இப்படியொரு குழலில்தான். அதற்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பை 1968-இல் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் கவனித்தார்.

கோளாறு வந்தால் முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: தவறு எல்லா மாதிரிகளிலும் இருக்கிறதா, ஒன்றில் மட்டுமா?

எல்லாவற்றிலும் என்றால் சந்தேகம் கருவியின் மேல். காலையில் ஓட்டிய, அளவு முன்பே தெரிந்த இரண்டு கன்ட்ரோல்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் நகர்ந்திருந்தால் குழல், பஃபர், அளவுத்திருத்தம் மூன்றில் ஒன்று பழுது. ஒன்று மட்டும் விலகியிருந்தால் அந்தக் குப்பியே கெட்டிருக்கலாம். புதுக் குப்பி திறந்து ஓட்டினால் தெரிந்துவிடும். முகடுகள் எல்லாம் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தால் பம்பில் காற்றுக் குமிழி, குழாய் இணைப்பில் கசிவு, குழலின் வெப்பநிலை இறக்கம் ஆகியவற்றைத் தேட வேண்டும். அழுத்தம் ஏறிக்கொண்டே போனால் குழலுக்கு முன்னால் உள்ள வடிகட்டி அடைத்திருக்கும். அதை மாற்றிப் பார்க்காமல் விலை உயர்ந்த குழலைக் கழற்றி எறியக் கூடாது. முகடுகள் அகன்று, ஒன்றோடொன்று கலந்து, வால் நீண்டால்தான் குழல் தன் ஆயுளை முடித்துக்கொண்டது என்று பொருள்.

புதுக் குழல் பொருத்தியதும் அளவுத்திருத்தம் செய்து கன்ட்ரோல் ஓட்டினால் மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. பழைய குழலில் அன்று பார்த்த சில மாதிரிகளைப் புதியதிலும் ஓட்டி ஒப்பிட்ட பிறகே ரிப்போர்ட் போக வேண்டும். அரை மணி நேரம் தாமதமாகும், ஆகட்டும். 6.4-க்கும் 6.6-க்கும் நடுவில்தான் ஒருவர் நீரிழிவு நோயாளி என்று பெயர் சூட்டப்படுகிறார்.

ஒரு மாதிரியில் மட்டும் கோளாறு என்றால் கருவியை விட்டுவிட்டு ரத்தத்தைக் கேட்க வேண்டும். முகடுகளின் மொத்தப் பரப்பு மிகக் குறைவாக இருந்தால் கடும் ரத்தசோகையாகவோ, மாதிரிக் குழாயில் ரத்தக்கட்டி இருந்து கருவியின் ஊசி போதிய ரத்தம் எடுக்காததாகவோ இருக்கும். பரப்பு அளவுக்கு மீறினால் மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டலாம். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தில் யூரியா ஒட்டிய ஹீமோகுளோபின் சில கருவிகளில் ஹெச்பிஏ1சி முகட்டோடு கலந்து அளவை உயர்த்திக் காட்டும்.

வரைபடம் ஒழுங்காக இருந்தும் எண் பொய்க்கும் நிலை ஒன்று உண்டு. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அவை சீக்கிரமே சிதையும் நோயிலும், ரத்தம் ஏற்றிய பிறகும் இந்த எண்ணை நம்ப முடியாது. சிகிச்சை பெறாத இரும்புச்சத்துக் குறைவில் அது கூடுதலாகக் காட்டலாம். இத்தகைய நிலைகளில் இரண்டு மூன்று வாரச் சராசரியைத் தரும் ஃபுரக்டோசமின் பரிசோதனை கைகொடுக்கும்.

வரைபடத்தின் பின்பகுதியில் எதிர்பாராத முகடு ஒன்று எழுந்தால் அதைக் கருவிக் கோளாறு என்று ஒதுக்குவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. அது ஹீமோகுளோபின் எஸ் (அரிவாளணு வகை), டி, இ போன்ற பரம்பரை வகையாக இருக்கக்கூடும். இந்தியாவில் அரிவாளணு முதன்முதலில் 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான் பதிவானது. ஹீமோகுளோபின் இ வடகிழக்கிலும் வங்கத்திலும் பரவலானது. அங்கிருந்து வேலைக்கு வந்தவர்களின் ரத்த மாதிரிகள் இன்று திருப்பூர், சென்னை ஆய்வகங்களுக்கும் வருகின்றன. பெற்றோர் இருவரிடமிருந்தும் எஸ் வகையையே பெற்றவருக்கு ஹீமோகுளோபின் ஏ-யே இருக்காது. அவருக்கு ஹெச்பிஏ1சி எண் கொடுப்பதே தவறு. எந்த வகை எந்தக் கருவியைக் குழப்பும் என்ற பட்டியலை அமெரிக்காவின் என்.ஜி.எஸ்.பி. அமைப்பு வெளியிட்டுவருகிறது. ஆய்வகம் தன் கருவிக்கு உரிய வரியை அதில் படித்து வைத்திருக்க வேண்டும்.

அந்த முகட்டை ரிப்போர்ட்டில் எழுதியே ஆக வேண்டும். சர்க்கரை பார்க்க வந்தவர் தாம் அரிவாளணு மரபணு தாங்கி என்பதை முதன்முறையாக அந்தக் காகிதத்தில்தான் அறியக்கூடும். வாழ்க்கைத் துணையும் தாங்கியாக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். துணையின் ரத்தத்தையும் பரிசோதிக்கச் சொல்லி மருத்துவருக்கு ஒரு வரி எழுத, டெக்னீசியனுக்கு ஒரு நிமிடம் போதும்.