புதுச்சேரித் தமிழர் பகுதி வீடுகளும் மரபுப் பாதுகாப்பும்

முன்னுரை

பழைய நகரங்களின் பாதுகாப்புப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கோட்டை, கோயில், அரண்மனை ஆகியவற்றையே மையமாகக் கொள்கின்றன. மக்கள் குடியிருக்கும் வீடுகளும் அவை அமைந்த தெருக்களும் அத்தகைய கவனத்தைப் பெறுவதில்லை. புதுச்சேரித் தமிழர் பகுதியை முன்வைத்து இச்சிக்கலை இக்கட்டுரை விளக்குகிறது.

வீடும் தெருவும்

புதுச்சேரிப் பழைய நகரைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடலை ஒட்டிப் பிரெஞ்சுக்காரர் பகுதியும், மேற்கே தமிழர் பகுதியும் உள்ளன. பிரெஞ்சுக்காரர் வீடுகள் உயர்ந்த மதிலுக்குள் ஒதுங்கி நிற்பவை. தமிழர் வீடுகள் தெருவை நோக்கித் திறந்தவை. தெருவோரம் மரத்தூண்கள் தாங்கும் சாய்கூரைத் தாழ்வாரம், அதனை அடுத்துத் திண்ணை, உள்ளே முற்றம் என்பது அவற்றின் அமைப்பு. ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையில் இரு மரபுகளும் இணைந்துள்ளன: கீழ்த்தளத்தில் மரத்தூண்களும் மேல்தளத்தில் சுதைத்தூண்களும் காணப்படுகின்றன.

அடுத்தடுத்த வீடுகளின் தாழ்வாரங்கள் இணைந்தே தெருவுக்கு வடிவம் தருகின்றன. எனவே ஒரு வீடு இடிக்கப்படும்போது இழப்பு அவ்வீட்டோடு நிற்பதில்லை. தெருவின் தொடர்ச்சியே அறுபடுகிறது.

அழிவின் காரணங்கள்

1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டம் தேசிய முதன்மை பெற்ற சின்னங்களைக் காப்பது. குடியிருப்பு வீடுகள் பெரும்பாலும் அதன் எல்லைக்குள் வருவதில்லை. வாரிசுகளிடையே பாகப்பிரிவினை, மனை விலை உயர்வு ஆகியன இடிப்பைத் தூண்டுகின்றன. பழுதுபார்ப்பும் சில வேளைகளில் கேடாகிறது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளிவிடும். அதன்மேல் பூசப்படும் சிமெண்டோ ஈரத்தை உள்ளே தேக்கிச் சுவரைச் சிதைக்கும்.

இரு சான்றுகள்

2002 - 2004 காலப்பகுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின்கீழ், இன்டாக் அமைப்பின் பங்களிப்புடன் வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகள் சீரமைக்கப்பட்டன. இங்குத் தனி வீடன்று, தெருவே பாதுகாப்பின் அலகாகக் கொள்ளப்பட்டது. இம்முயற்சி 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய - பசிபிக் மரபு விருதினைப் பெற்றது.

இதற்கு மாறானது கடற்கரைச் சாலையிலிருந்த மேரி கட்டடத்தின் நிலை. பராமரிப்பின்றி இருந்த அது 2014இல் மழையில் இடிந்து வீழ்ந்தது. பழைய தோற்றத்திலேயே மீளக் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. தோற்றம் மீண்டது, பழைய சுவரும் மரமும் தாங்கியிருந்த கட்டுமானச் சான்று மீளவில்லை.

முடிவுரை

முகப்பை மட்டும் காத்து முற்றத்தை இழப்பதும் பகுதி இழப்பே. வீட்டில் குடியிருப்போர் தொடர்ந்து வாழ்வதற்கான நிதியுதவி, சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார்களுக்கான ஆதரவு, தெருவை ஓரலகாகக் கொள்ளும் கட்டட விதிகள் ஆகிய மூன்றும் இணையும்போதே மரபுப் பாதுகாப்பு நிலைபெறும் எனலாம்.